வலி ஒண்ணு, களைப்பு ஒண்ணு

அந்த அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு எலும்புக்கூட்டுப் படம். ஏ.சி. சில்லென்று இருந்தது. என் அக்கா மஞ்சுளா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே டாக்டரம்மா. சின்ன வயசுதான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையில் பரீட்சை அட்டை, அதில் நாலைந்து தாள்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில், துணைக்கு வந்த தங்கச்சி.

“யாராவது வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா மஞ்சுளா?”

“இல்லீங்க மேடம். என்ற சொந்த விருப்பத்துல வந்தேனுங்க.”

“இந்த ஆராய்ச்சியில இருந்து நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். அதனால உங்க வைத்தியத்துக்கு ஒரு கொறையும் வராது. புரியுதுங்களா?”

“புரியுதுங்க மேடம். எங்களுக்கு எல்லா உரிமையும் இருக்குதுங்க.”

டாக்டரம்மா தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“சரி. இன்னைக்கு மூட்டு வலி எவ்வளவு இருக்குது? வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து.”

“ஒண்ணுங்க மேடம்.”

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று காலையில் அவளுடைய சுடிதாருக்குக் கொக்கி மாட்டிவிட்டது நான். பேஸ்ட் மூடியைத் திறந்து கொடுத்தது நான். பஸ்ஸில் கம்பியை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையை வளைத்துப் போட்டுத் தொங்கிக்கொண்டு வந்தவள், இங்கே வந்து ‘ஒண்ணு’ என்கிறாள்.

“களைப்பு?”

“அதும் ஒண்ணுதானுங்க.”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அக்கா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆடிட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஆடிட் ராணி

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், இங்கே வேலையாட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க அவ்வப்போது ஆள் அனுப்பும். அதற்குப் பெயர்தான் ஆடிட்.

ஆடிட் அன்றைக்கு, நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். கக்கூஸில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கும். எல்லோர் மூக்கிலும் புது மாஸ்க் இருக்கும். தீயணைக்கிற சிலிண்டரை வருஷம் பூராவும் மறைத்துக்கொண்டு நிற்கிற பனியன் மூட்டைகள் அன்றைக்கு மட்டும் எங்கேயோ ஊருக்குப் போய்விடும்.

வந்தவர்கள் கையில் அட்டையோடு தையல் லைனைச் சுற்றி வருவார்கள். நாலைந்து பேரைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். யாரைக் கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் முதல் நாளே மேனேஜர் எல்லோருக்கும் பாடம் நடத்திவிடுவார். யாராவது திட்டுகிறார்களா? இல்லை. வற்புறுத்தி ஓவர்டைம் வாங்குகிறார்களா? இல்லை, சொந்த விருப்பம். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு? ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்.

அக்கா ஓவர்லாக் மெஷினில் துணிகளை இணைத்துத் தைக்கிற டெய்லர். ஆடிட் வந்தால் அவளை முன் வரிசை மெஷினுக்கு மாற்றிவிடுவார்கள், கண்ணில் படட்டும் என்று. அவள் பதில் சொல்கிற அழகு அப்படி. ஒரு தடவை ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாக, “உங்கள் முதலாளியிடம் பிடிக்காத விஷயம் ஏதாவது உண்டா?” என்று கேட்டாராம்.

அக்கா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, “ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. அவருக்குச் சர்க்கரை இருக்குதுங்க. ஆனாலும் ஜிலேபி திங்கறாருங்க. அதுதான் எங்களுக்கெல்லாம் ரொம்ப வருத்தமுங்க” என்றாளாம்.

மேனேஜர் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதலாளி ஜிலேபியை நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

“ஏன்க்கா இப்படி அளந்து உடறே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அளக்கறதா? ஆர்டர் போயிருச்சுன்னா அத்தன பேரும் ஊட்டுல உக்காந்துக்கோணும்டி. நல்லா இருக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கை வலிக்குதா, கால் வலிக்குதா?”

அப்போதே அவளுக்குக் கையும் வலித்தது, காலும் வலித்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே ஒரு செக்கிங்காரி

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி வேனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தைத்து வந்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங்கில் என்னோடு இருக்கும் ஒரு அக்கா, “அத்தன பேரையும் எழுதுனே, உன்ற அக்காளைப் பத்தி ஒரு வரி இல்லியே” என்றார். எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை, அதுதான் காரணம். இந்த வாரம் நகர்கிறது. சீக்கிரம் எழுதிவிடுகிறேன்.

அக்காவின் வியாதிக்குப் பெயர் லூபஸ். அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. முட்டி வலிக்கு ஒருவர், முடி கொட்டுவதற்கு ஒருவர், முகத்துச் சிவப்புக்கு ஒருவர். மூன்றும் ஒரே வியாதி என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான்.

அந்தச் சிவப்பு ஒரு தமாஷ். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் படர்ந்து, வெயிலில் போனால் இன்னும் கூடும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். லைனில் இருக்கிற பெண்கள், என்ன கிரீம் போடுகிறாய் என்று கேட்பார்கள். அவளும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள். அதைக் கடை கடையாகத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

பெருமாநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு அந்தச் சிவப்பு ரொம்பப் பிடித்துப்போனது. “பாருங்க, புள்ளைக்கு எத்தன வெக்கம். கன்னமெல்லாம் செவந்து போச்சு” என்று எல்லோரிடமும் காட்டினார். நானும் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பூ வைப்பதைப் பற்றிப் பேச வந்தார்கள். அப்போதும் சிவப்பு. “இன்னுமா கண்ணு வெக்கம்?” என்றார் அந்தப் பெரியம்மா. அதற்கடுத்த தடவை அவர்கள் வரவில்லை.

“வெக்கப்படறதுக்கும் ஒரு அளவு வேணும்க்கா” என்றேன் நான்.

“போடி. அந்த மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்துமா செவந்தேன்னு நெனச்சே?” என்றாள்.

கடைசியில் ஒருவர் சொல்லித்தான் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூட்டு, வாத வியாதிகளுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், பெயர் சொன்னார்கள். கிருமியை அடிப்பதற்காக நம் உடம்புக்குள் ஒரு படை இருக்கிறதாம். இந்த வியாதியில் அந்தப் படை சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்குமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவுக்கு எங்கள் பாஷையில் விளக்கினேன். “நல்ல பீஸ் எது, டேமேஜ் எதுன்னு தெரியாத ஒரு செக்கிங்காரி உள்ள உக்காந்திருக்கறா. நல்ல பீஸுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பறா. அதான் வியாதி.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப என்ற உடம்புக்குள்ள உன்னாட்டவே ஒருத்தி இருக்கறான்னு சொல்லு. அதான் வெளங்க மாட்டேங்குது.”

எனக்கு லைனில் அப்படி ஒரு கெட்ட பேர் உண்டு, நல்லா இருக்கிறதையும் திருப்பி அனுப்புகிறவள் என்று. நான் திருப்பி அனுப்பியதில் பாதி அவள் தைத்தது. அந்தக் கோபம் அவளுக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை.

நோட்டு

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. புது மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி இல்லை. கவனித்துப் பார்க்கிற ஆராய்ச்சி.

லூபஸ் பல நாள் அடங்கிக் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் பொங்கி எழுந்து கிட்னியையோ நெஞ்சையோ பிடித்துவிடும். அப்படிப் பொங்குவதற்கு முன்னால் உடம்பு ஏதாவது சொல்கிறதா? இதுதான் அவர்களுடைய கேள்வி. சொல்கிறது என்றால், முன்கூட்டியே மருந்தைக் கூட்டி அதைத் தடுத்துப் பார்க்கலாம் அல்லவா?

அதற்காக மாசம் ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். நோயாளி தினமும் சாயங்காலம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். வலி எத்தனை, களைப்பு எத்தனை, காலையில் விரல் எத்தனை நிமிஷம் விறைத்துக்கொண்டு இருந்தது. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அதில் என்ன தோன்றுகிறதோ அதை எழுதலாம்.

“நோட்டு தப்பா இருந்தா எங்க ஆராய்ச்சியே தப்பாப் போயிரும். உங்களுக்கப்பறம் இந்த வியாதி வர்றவங்களுக்கு இதுதான் உபயோகப்படும்” என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்கு அது பிடித்துப்போனது. தன்னை வைத்து இன்னொருத்தி பிழைப்பாள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? “என்ற பேரு புஸ்தகத்துல வருமுங்களா?” என்று கேட்டாள்.

“பேரு வராது. உங்களுக்கு ஒரு நம்பர் குடுப்போம்.”

“அட சாமி. இங்கயும் டோக்கன் நம்பர்தானா?”

ஆனாலும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். நாலு எழுத்துப் பெயருக்கு மூன்று நிமிஷம் ஆனது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அதனால் நோட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் வாரம் தினமும் எழுதினோம். அப்புறம் கம்பெனியில் அவசர ஆர்டர் வந்தது, எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட். நோட்டு அலமாரிக்குள் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அக்கா, வெயிலுக்காகத் தலையில் துப்பட்டா. மடியில் நோட்டோடு நான்.

“போன திங்கக்கெழமை என்ன போடறது?”

“ஒண்ணு போடு.”

“செவ்வாய்?”

“ஒண்ணு.”

“எல்லாமே ஒண்ணா இருந்தா சந்தேகம் வரும்க்கா.”

“அப்ப ஊடால ஒரு ரெண்டு போடு. இதெல்லாமா என்னயக் கேப்பே? நீதான செக்கிங்கு?”

இதில் எனக்கு நல்ல பழக்கம். செக்கிங்கில் அளவு ஷீட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பீஸாக டேப் வைத்து அளந்து எழுத வேண்டும். நாங்கள் மூன்றை அளப்போம். மீதிக்கு அரை சென்டிமீட்டர் கூட்டி, அரை சென்டிமீட்டர் குறைத்து எழுதுவோம். எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் மேலே இருக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் நிஜம் மாதிரி இருக்கும்.

அதே மாதிரிதான் அக்காவின் வலியையும் எழுதினேன். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. தினமும் எழுதிய மாதிரி தெரிய வேண்டும் என்று இரண்டு பேனா வைத்துக்கொள்வேன். நாலு நாளைக்கு நீலம், இரண்டு நாளைக்குக் கருப்பு. பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் ஒரு மாசம் முடிந்துவிடும்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மத்தவங்கெல்லாம் பாதி நாள் விட்டுடறாங்க. நீங்கதான் ஒரு நாள் விடாம எழுதறீங்க” என்று பாராட்டினார். அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

இப்படி மூன்று நோட்டு முடிந்தது.

உடம்பு சொன்னது

உடம்பு சொல்லாமல் இல்லை. மைக் வைத்துச் சொன்னது.

டீ டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் ஆனால் கால் செருப்புக்குள் போகாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேனில் ஏறுவாள். “புதுச் செருப்பு, தேஞ்சு போயிரும்” என்பாள். காலையில் கண் இரண்டும் வீங்கி இருக்கும். “ரொம்பத் தூங்கிட்டேன்” என்பாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எனக்கும் கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். காலை பெடலில் இருந்து எடுக்கவில்லை. துணி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

கிட்னி பாதித்திருக்கிறது என்றார்கள். வார்டில் சேர்த்து மூன்றாவது நாள், டாக்டரம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“மஞ்சுளா, போன வாரம் நீங்க இங்க வந்த வரைக்கும் ஒண்ணு, ரெண்டுன்னே எழுதியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்கு எதுவுமே தெரியலீங்களா? கால் வீக்கம், களைப்பு, எதாவது?”

“இல்லீங்க மேடம். நல்லாத்தான் இருந்தேனுங்க.”

கையில் ட்ரிப்ஸ் ஊசி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதோடு சொல்கிறாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சண்டை போட்டேன்.

“எட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பே?”

“சொன்னா இவ தேற மாட்டான்னு என்னய ஆராய்ச்சில இருந்து எடுத்துப் போட்டுருவாங்க.”

“எடுக்க மாட்டோம்னு சொன்னாங்கல்ல?”

“ஆடிட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்றதெல்லாம் ரகசியமுன்னு. அடுத்த நாளே மேனேஜருக்குத் தெரிஞ்சிரும். எனக்குத் தெரியாதா?”

“இது கம்பெனி இல்லக்கா. ஆஸ்பத்திரி.”

“நீ மட்டும் பெரிய யோக்கியமா? பஸ்ஸுல உக்காந்து முப்பது நாளையும் எழுதுனது ஆரு? நானா?”

அவளே கையை நீட்டினாள்.

“புது நோட்டக் குடு. இனி உன்ற கையே படக் கூடாது. நானே எழுதிக்கறேன்.”

பேனா பிடிக்க வரவில்லை என்று, அதன் மேல் பனியன் கட்டிங் வேஸ்ட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கத்திரிக்காய் மாதிரி ஆனது பேனா. தினமும் சாயங்காலம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தால் படக்கென்று மூடிவிடுவாள்.

“இது ஆபீசருக்கு மட்டும். செக்கிங்கெல்லாம் அக்கட்டால போ.”

அதிலும் ஒண்ணு ஒண்ணு என்றுதான் இருக்கும், இதற்கு இவ்வளவு பந்தாவா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் வரைக்கும் இருந்தாள். மறுபடியும் வியாதி பொங்கியது, மருந்தைக் கூட்டினார்கள். அந்த மருந்து வியாதியோடு சேர்த்து எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். நெஞ்சில் சளி இறங்கியது. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. அந்தக் கடைசி நாட்களைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. படிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னது

சில மாசம் கழித்து டாக்டரம்மாவே போன் செய்தார். அக்காவிடம் எடுத்து வைத்த ரத்தத்தைத் தொடர்ந்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள, வீட்டில் இருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மாவால் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. நான் போனேன்.

அதே அறை, அதே ஏ.சி. நான் அக்கா உட்கார்ந்த நாற்காலியில் உட்காராமல் என் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். மேஜை மேல் நாலு நோட்டும் அடுக்கி இருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் டாக்டரம்மா மேலே இருந்த மூன்றையும் எடுத்தார்.

“உங்க அக்கா நோட்டு எங்களுக்கு ஒரு புதிர் நந்தினி. முதல் தடவை கிட்னி பாதிச்சதுக்கு முன்னாடி எதுவுமே காட்டல. சில பேருக்கு இப்படி முன்னறிவிப்பே இல்லாம வந்துருமோன்னு பேசிட்டிருக்கோம்.”

நான் அவர் கையில் இருந்த மூன்று நோட்டையும் பார்த்தேன்.

எங்கேயோ ஒருத்தி இருப்பாள். அவளும் டம்ளரை மணிக்கட்டில் பிடித்துக் குடிப்பாள். அவளிடம், சில பேருக்கு எதுவும் தெரியாமலேதான் வரும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் பஸ்ஸில் இரண்டு பேனாவில் எழுதியதை நம்பி.

உண்மையைச் சொன்னால் இந்த நோட்டெல்லாம் குப்பைக்குப் போகும். அக்கா இந்த ஆராய்ச்சியில் இல்லவே இல்லை என்று ஆகிவிடும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். மூன்று நிமிஷம் கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

டாக்டரம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“மேடம், அந்த மூணு நோட்டும் பொய்யிங்க.”

“என்னது?”

“நான் பஸ்ஸுல வரும்போது எழுதுனதுங்க. மாசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல. அக்கா ஒண்ணு போடு, ரெண்டு போடுன்னு சொல்லும். அதுக்கு ரொம்ப வலிச்சுதுங்க. அது ஆடிட்டுல சொல்ற மாதிரியே உங்ககிட்டயும் சொல்லிருச்சுங்க.”

ஆடிட் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஜிலேபியைக்கூடச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து நீல மையையும் கருப்பு மையையும் விரலால் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“தப்பு எங்க மேலயும் இருக்குது” என்றார் கடைசியில். “கழுத்துல அட்டையைத் தொங்கப் போட்டுட்டு, கையில இன்னொரு அட்டையை வெச்சுக்கிட்டுக் கேட்டா, உங்களுக்கு அதுதான ஞாபகம் வரும்? எனக்குத் தோணல பாருங்க.”

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது என்பது விதியாம். நான் சொன்னதைத் தனியாக எழுதி, அந்த மூன்று நோட்டோடு சேர்த்து வைப்பார்களாம். கணக்கில் மட்டும் அவை சேராது. எழுதியதை வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன்.

பேனாவைக் கீழே வைக்காமலே மறுபடியும் ஆரம்பித்தேன்.

“மேடம், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. கால் செருப்புக்குள்ள போகாத நாளு, கண்ணு வீங்குன நாளு, எல்லாம். நான் சொல்றேனுங்க. நீங்க நம்பரை மாத்திப் போட்டுக்கங்க.”

“முடியாது நந்தினி. நீங்க பாத்ததைத் தனித் தாள்ல சேத்துக்கறேன். ஆனா வலி எத்தனைன்னு நோயாளி வாயில இருந்துதான் வரோணும். கூட இருந்தவங்க எவ்வளவு பாசமா இருந்தாலும், அவங்க சொல்ற நம்பர் சேராது.”

“அப்ப எங்கக்கா இதுல இல்லவே இல்லீங்களா?”

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. டாக்டரம்மா நாலாவது நோட்டை எடுத்தார்.

“இதை யாரு எழுதுனது?”

“அது அக்காவேதானுங்க. ஆனா அதுலயும் ஒண்ணுதான் இருக்கும்.”

“நீங்க பாக்கவே இல்லையா? முதல் பக்கத்துக் குறிப்பை நான் கேலின்னு நெனச்சுட்டேன், இப்பத்தான் புரியுது.”

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

எழுத்து ஒவ்வொன்றும் கோழி கிளறிய மாதிரி இருந்தது. கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி. முதல் பக்கம்.

வலி 7. களைப்பு 8. விறைப்பு 90 நிமிசம். குறிப்பு: இனிமே நெசம் எழுதறேன். தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ரொம்ப ஆடுவா.

பக்கத்தைத் திருப்பினேன். ஆறு, ஏழு. நடுவில் சில நாள் நாலு. அப்புறம் ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“ரெண்டாவது தடவை பொங்குறதுக்கு முந்துன நாளுக இது. ஒரு ஆளை வெச்சு நாங்க எதையும் முடிவு பண்ண முடியாது. ஆனா இந்த ஒரு ஆளு எங்களுக்கு வேணும். உங்க அக்கா இதுல இருக்காங்க நந்தினி.”

நான் தலையை ஆட்டினேன். அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி 8. களைப்பு 9. குறிப்பு: தங்கச்சி தல பின்னி உட்டா. பின்னல் கோணல். இருக்கறதே எலி வாலாட்ட முடி, அதயும் கோணலாப் பின்னறதுக்கு ஒரு தெறம வேணும். சொன்னா அழுவா. சொல்லல.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன். “இதயெல்லாமா கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்க?”

“குறிப்புல இருக்கறதை ஒரு எழுத்து விடாம ஏத்தோணும். பேரு மட்டும் வராது.”

“மேடம், அது சுத்தப் பொய்யிங்க. நான் நேராத்தான் பின்னுனேன். அதையும் பக்கத்துல எழுதிக்கங்க.”

டாக்டரம்மா நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“நோயாளி சொன்னதுதான் சேருமுங்க.”